கிங்லி வேல் யூ மரக் காட்டில் ஒரு ஜியோகேச்சிங் நடை: பெட்டியை எங்கே வைப்பது?

நிழல்தேடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில், சிச்செஸ்டர் நகருக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கிங்லி வேல் என்னும் சுண்ணாம்புப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1952ஆம் ஆண்டிலிருந்து தேசிய இயற்கைக் காப்பகமாக இருந்துவரும் இவ்விடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை அங்குள்ள யூ (yew) என்னும் பசுமை மாறா ஊசியிலை மரங்கள். இந்நாட்டில் யூ மரம் அரிதன்று. பழைய தேவாலயங்களின் கல்லறைத் தோட்டங்களில் ஒன்றிரண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு காடாகவே அவை கூடி நிற்பதுதான் அபூர்வம். வரும் இலையுதிர் காலத்தில் நம் குழுவினருக்காக அங்கே ஒரு ஜியோகேச்சிங் நடையை அமைக்க விரும்புகிறேன்.

இந்த விளையாட்டைப் புதிதாகக் கேள்விப்படுவோருக்கு ஒரு சொல்: ஒருவர் ஓரிடத்தில் சிறு பெட்டியை மறைத்துவைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புவார்கள்.

மேற்கு ஸ்டோக் கிராமத்து வாகன நிறுத்துமிடத்திலிருந்து வயலோரமாக ஒரு கிலோமீட்டர் அளவு நடந்தால் காப்பகத்தின் வாயில் வந்துவிடும். பள்ளத்தாக்கின் அடியில் உள்ள பழைய தோப்புக்குள் காலெடுத்து வைத்ததும் வெளிச்சம் சட்டென்று குறைகிறது. யூ மரத்தின் நிழல் அவ்வளவு அடர்த்தி என்பதால் அடியில் புல் பூண்டு முளைப்பதில்லை. உதிர்ந்து காய்ந்த இலைகளும் வெற்று மண்ணும்தான் கிடக்கின்றன. பல தண்டுகளை முறுக்கி ஒன்றாக ஒட்டவைத்தது போன்ற அடிமரம், செம்பழுப்பில் செதில் செதிலாக உரியும் பட்டை, அங்கிருந்து தாழ்ந்து தரையைத் தொட்டு, தொட்ட இடத்தில் வேர்விட்டு, மறுபடி மேல்நோக்கி எழும் கிளைகள் என்று ஒவ்வொரு மரமும் ஒரு தனி உருவம் கொண்டிருக்கிறது. ஆலமரத்தில் விழுது செய்யும் வேலையை இங்கே கிளையே செய்துவிடுகிறது.

இவற்றின் வயதைப் பற்றிப் பல பேச்சு உண்டு. 500 ஆண்டு என்பாரும் உண்டு, 2000 ஆண்டு என்று அடித்துச் சொல்வாரும் உண்டு. நடுக்கட்டை காலப்போக்கில் உளுத்துப் பொந்தாகிவிடுவதால் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்க்க வழியில்லாமல் போகிறது. ஆகவே பெரிய எண்ணைச் சொல்கிறவரிடம் சான்று கேட்டால் அவர் பேச்சை மாற்றுவார்.

பெட்டியை ஒளிக்க இதைவிடத் தோதான காடு கிடைக்காது என்றே எவருக்கும் தோன்றும். திரும்பிய பக்கமெல்லாம் பொந்தும் வேரிடுக்கும் கவைக்கிளையுமாக இருக்கிறது. என் எண்ணம் வேறு. நடை மரங்களுக்கு நடுவே செல்லும் பாதையில் போகட்டும். பெட்டி தோப்புக்குள் மட்டுமன்றிக் காப்பகத்துக்குள்ளேயே இருக்கக் கூடாது. பல கட்டங்களைக் கொண்ட தேடலாக அமைத்து, வழியில் காண்பவற்றிலிருந்து எண்களைத் திரட்டி, அவற்றைக் கூட்டிக் கழித்தால் கடைசிப் பெட்டியின் இடம் தெரியும்படி செய்யலாம் என்று நினைக்கிறேன். இதில் உங்கள் கருத்து என்ன?

வேங்கைமரத்தான்

நல்ல முடிவு, நண்பரே. தனிச்சிறப்புள்ள அறிவியல் தலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் பெட்டி வைக்க விரும்பினால், நிலத்துக்கு உரியவரின் அனுமதியும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். அவை இல்லாவிட்டால் இந்நாட்டில் பெட்டிகளைப் பரிசீலிக்கும் தன்னார்வலர்கள் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். அதோடு, பழைய மரத்தின் பொந்து வௌவால் தங்கும் இடமாக இருக்கலாம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்படி வௌவாலுக்கு மட்டுமல்ல, அது தங்கும் பொந்துக்கும் பாதுகாப்பு உண்டு. பெட்டிக்காகப் பொந்துக்குள் கைவிடுகிறவர் தாம் எதைக் கலைக்கிறோம் என்பதை அறியாமலே குற்றவாளியாகக்கூடும்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேர். மரத்துக்கு உணவும் நீரும் உறிஞ்சித் தரும் நுண்வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே பரவியிருக்கிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகள் வழியாகத்தான் அவற்றுக்குக் காற்றும் நீரும் கிடைக்கின்றன. மிதிபட்டு மிதிபட்டு மண் இறுகினால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். யூ மரத்தடியில் காலடியைத் தாங்கிக்கொள்ளப் புல்லும் இல்லை. வெறுமனே நடந்துபோகிறவர் பாதையோடு போய்விடுவார். பெட்டி தேடுகிறவர் அப்படியல்லர்: குறித்த இடத்துக்கு வந்ததும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார், வேரிடுக்கில் குச்சியால் கிளறுவார், தொங்கும் பட்டையைத் தூக்கிப் பார்ப்பார், கிளையில் ஏறுவார், கிடைக்கவில்லை என்றால் அடுத்த மரத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவார். அவர் பொல்லாதவர் என்பதால் அல்ல, விளையாட்டே அதுதான் என்பதால்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நிறுத்தியது. ஏறக்குறைய 100 மீட்டர்வரை பிசகிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் 20 மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. அதைச் சோதித்துப் பார்க்க டேவ் அல்மர் என்பவர் மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். உள்ளே வைத்த பொருள்களில் ஒரு டப்பா பீன்ஸும் அடக்கம். இன்றைய விதிப்படி நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றி மண்ணைத் தோண்டக் கூடாது, உணவுப் பொருள் வைக்கக் கூடாது. இந்த விளையாட்டின் முதற்பெட்டியை இன்று ஒருவர் பரிசீலனைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்!

கல்யாணமுருங்கை

நிழல்தேடி அண்ணாவுக்கும் வேங்கைமரத்தான் ஐயாவுக்கும் வணக்கம். நான் பிள்ளைகளோடு வருகிறவள் என்ற முறையில் இரண்டு கேள்விகளை வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளுக்குப் பெட்டிதான் எல்லாம். பலகையை வாசித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றால் அவர்கள் அதைப் பள்ளிக்கூட வேலை என்றே எடுத்துக்கொள்வார்கள். இலையை விலக்கும்போது பெட்டியின் மூடி கண்ணில் படுகிறதே, அந்தக் கணத்துக்காகத்தான் அவர்கள் இவ்வளவு தூரம் நடக்கச் சம்மதிக்கிறார்கள். பெட்டி ஒன்றே ஒன்றுதான், அதுவும் காப்பகத்துக்கு வெளியேதான் என்றால், இடையில் அவர்களை எப்படி இழுத்துக்கொண்டு போவது?

இரண்டாவது, யூ மரம் நஞ்சு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இலையுதிர் காலத்தில்தான் அதில் சிவப்பாகப் பழம் பழுத்திருக்கும். பிள்ளைகள் கை வைக்காத இடமில்லை. நாங்கள் எங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வருவது வழக்கம். இது எவ்வளவு ஆபத்தானது?

வேங்கைமரத்தான்

சகோதரி கேட்டது மிகவும் தேவையான கேள்வி. யூ மரத்தின் இலை, பட்டை, கட்டை, விதை எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும் டாக்ஸீன் (taxine) என்னும் வேதிப்பொருள்கள் அவற்றில் உள்ளன. விதையைச் சுற்றியிருக்கும் சிவப்புச் சதை மட்டும்தான் விலக்கு. பறவைகள் அச்சதையைத் தின்று விதையை உடைக்காமல் வெளியேற்றிவிடுவதால் தப்புகின்றன. மனிதர் விதையைக் கடித்துவிட்டால் நஞ்சு இறங்கும். வெட்டிக் காய்ந்த பிறகும் இலையின் நஞ்சு போவதில்லை. குதிரையும் மாடும் இதைத் தின்று இறந்துபோவது இந்நாட்டுப் பண்ணைகளில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. தொட்டுப் பார்ப்பதால் அஞ்ச வேண்டியதில்லை, வாயில் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சாப்பிடும் முன் கை கழுவிவிடுங்கள். நாயை வாரில் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே கிடக்கும் குச்சியைக் கவ்வ விடாதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இதிலேயே ஒரு செய்தியும் இருக்கிறது. இம்மரத்தின் உறவான பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த பாக்லிடாக்சல் என்னும் மருந்து 1992இல் அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பட்டைக்காக மரத்தையே வெட்ட வேண்டியிருந்ததால் வேறு வழி தேடினார்கள். ஐரோப்பிய யூ மரத்தின் இலையை மூலப்பொருளாகக் கொண்டு டோசிடாக்சல் என்னும் மருந்து உருவானது. இலையைக் கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும், மரம் சாகாது.

இன்னொன்று: முழங்காலுக்குக் கீழே துணி மூடியிருக்கட்டும். தென் இங்கிலாந்தின் புல்வெளிகளில் உண்ணி உண்டு, அது கடித்தால் லைம் நோய் வரக்கூடும்.

தெற்குச்சரிவு

நான் பொருள் நிறைந்த பேச்சுக்கு நடுவே கருவிப் பேச்சைக் கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தோப்புக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதற்கு மரத்தின் நலம் ஒரு காரணம் என்றால், ஜிபிஎஸ் இன்னொரு காரணம்.

செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை மிகவும் மெல்லியது. ஈரம் ஏறிய இலைக்கூட்டமும் தடித்த மரத்தண்டும் அதை மேலும் மெலியச் செய்யும்; பக்கத்து மரத்திலும் சரிவிலும் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞையோ சற்றுத் தாமதமாக வந்து, கருவியைத் தவறான தொலைவைக் கணக்கிட வைக்கும். ஓக், பீச் போன்ற மரங்கள் குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிடுவதால் அப்போது நிலைமை கொஞ்சம் சீராகும். யூ பசுமை மாறா மரமாதலால் எந்தப் பருவத்திலும் அந்தச் சலுகை கிடையாது. கிங்லி வேலில் இதற்குமேல் இன்னொரு சிக்கல்: அது செங்குத்தான சரிவுகள் சூழ்ந்த பள்ளம், ஆகவே அடிவானத்தை ஒட்டிய செயற்கைக்கோள்கள் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஜிபிஎஸ் கோள்களின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்வில் அமைந்திருப்பதால், இந்த அட்சரேகையிலிருந்து பார்த்தால் வடக்கு வானில் அவை எப்படியும் குறைவு. எல்லாம் சேர்ந்தால், அம்புக்குறி ஒரு நிமிடம் இந்த மரத்தைக் காட்டும், அடுத்த நிமிடம் 15 மீட்டர் தள்ளி வேறொன்றைக் காட்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். பெட்டியை வைத்தவர் எடுத்த எண்ணிலேயே பிழை, தேடுகிறவர் கருவியில் வேறொரு பிழை. இரண்டும் சேர்ந்தால் வேங்கைமரத்தான் ஐயா சொன்ன அந்த மிதிபடும் வட்டம் ஒரு மரத்தோடு நிற்காது, நான்கைந்து மரங்களுக்கு விரியும்.

கடைசிப் பெட்டிக்குத் திறந்த வானம் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வயலோரத்து வேலிக்கம்பத்தின் அடி போதும், அதற்கும் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்களை எடுக்கும்போது கருவியைச் சில நிமிடங்கள் அசையாமல் வைத்துச் சராசரி எடுங்கள். வேறொரு நாளில், வேறொரு வேளையில் போய் மீண்டும் எடுத்துச் சராசரியில் சேருங்கள். கோள்களின் நிலை அதற்குள் மாறியிருக்கும். தேடுகிறவர்களுக்கும் ஒரு வழக்கம் நல்லது: 10 மீட்டர் தொலைவு வந்ததும் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, நீங்கள் மறைப்பதாக இருந்தால் எங்கே மறைப்பீர்கள் என்று யோசித்து இடத்தைப் பாருங்கள்.

தூக்கணாங்குருவி

எல்லோரும் பெட்டியை எங்கே வைப்பது என்று பேசுகிறீர்கள். ஆட்களை அங்கே அழைத்துப்போவது சரியா என்பதை யாரும் கேட்கவில்லை. ஆகவே கசப்பாக இருந்தாலும் நான் கேட்கிறேன்.

தென்மேற்கு இங்கிலாந்தில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் விஸ்ட்மன்ஸ் வுட் என்னும் சிறு ஓக் காடு இருக்கிறது. மேற்கு டார்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் அளவிலான உயரத்தில், பாறைக் குவியல்களுக்கு நடுவே குட்டையாக வளைந்து நெளிந்து நிற்கும் மரங்கள். கிளைக்குக் கிளை பாசியும் லைக்கனும் போர்த்தியிருக்கும். அந்த அழகே அதற்கு வினையாயிற்று. படம் எடுக்கவும் பாறைமேல் தாவவும் வந்தவர்களால் பாசி தேய்ந்து, காடு பாழாவதைக் கண்டு, உள்ளே நுழையாமல் வெளியே நின்று பாருங்கள் என்று இப்போது வருகிறவர்களை வேண்டிக்கொள்கிறார்கள். அங்கே கெட்டவர் யாரும் வரவில்லை. ரசிக்க வந்தவர்கள்தாம் அத்தனை பேரும்.

டார்ட்மூரை எடுத்துக்கொண்டதற்கு வேறு காரணமும் உண்டு. ஜியோகேச்சிங்குக்கு மூத்த விளையாட்டு பிறந்தது அங்கேதான். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றுசேர முடியாத கிரான்மியர் பூல் என்னும் சதுப்பிடத்தில் கற்குவியலுக்குள் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். அவ்வளவு தூரம் வந்தவர்கள் தம் முகவரி அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். இதிலிருந்து வளர்ந்ததே லெட்டர்பாக்சிங். ஜிபிஎஸ் இல்லாத அந்தக் காலத்தில் இடத்தை அடைவதே அரும்பாடு என்பதால் வந்தவர் தொகையும் குறைவாக இருந்தது. இன்று எண்ணைத் தட்டினால் தொலைபேசி வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது. அருமை தெரிந்த பத்துப் பேர் வந்த இடத்துக்கு, பட்டியலில் ஒரு எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வருகிறவர்களும் வருவார்கள். பெட்டி வெளியே இருக்கிறது என்பதால் கால்கள் உள்ளே வராமல் போய்விடுமா?

நிழல்தேடி

தூக்கணாங்குருவி அவர்களின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் விஸ்ட்மன்ஸ் வுட்டையும் கிங்லி வேலையும் ஒரே தட்டில் வைக்கத் தயங்குகிறேன். முன்னது சில ஹெக்டேர் மட்டுமே உள்ள சிறு காடு, உள்ளே பாதை என்று ஒன்று இல்லை. பின்னது 150 ஹெக்டேர் அளவு பரந்தது. பொதுமக்கள் சுற்றிவருவதற்கென்றே குறியிட்ட பாதை உண்டு. அந்தப் பாதையைவிட்டு இறங்கவேண்டிய தேவையே எழாதபடி கேள்விகளை அமைப்பதுதான் என் பொறுப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்யாணமுருங்கை கேட்டதற்கும் இதிலேயே வழி இருக்கிறது. கீழே உள்ள தோப்பில் எண்ணைத் தேட வேண்டாம். அங்கே பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பணி: பாதையில் நின்றபடியே, தரையைத் தொட்டு மறுபடி எழுந்த கிளை ஒன்றைக் கண்டுபிடித்து, அது எந்தத் தாய்மரத்திலிருந்து வருகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து சொல்ல வேண்டும். சொல்வதற்கு எளிது, கிளைகள் பின்னிக்கிடப்பதால் பெரியவர்களே தடுமாறுவார்கள். எண்களை மேலே வைத்துக்கொள்ளலாம். காப்பகம் உருவாகக் காரணமாக இருந்த தாவரவியலர் ஆர்தர் டான்ஸ்லியின் நினைவுக்கல் போ குன்றின்மேல் இருக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்து மாறப்போவதில்லை, ஆகவே அதிலிருந்து ஓர் எண். அதே குன்றின் உச்சியில், 206 மீட்டர் உயரத்தில், வெண்கலக் காலத்து ஈமமேடுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை எண்ணினால் இன்னொரு எண். எத்தனை என்பதை இங்கேயே எழுதிவிட்டால் புதிருக்கு வேலையில்லாமல் போகும். மேட்டின்மேல் ஏறாமல் கீழிருந்தே எண்ணலாம். அங்கிருந்து பார்த்தால் சிச்செஸ்டர் துறைமுகத்து நீர்ப்பரப்பும் அதற்கப்பால் கடலும் தெரியும், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க நல்ல இடம்.

கல்யாணமுருங்கை

கிளையைப் பின்தொடர்கிற விளையாட்டு என் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனாலும் ஏற்றம் முடியும்வரை பெட்டி இல்லை என்பது சிறியவனுக்குச் சற்று அதிகந்தான். வாகனத் தரிப்பிடத்துக்குக் கிட்ட, நடையைத் தொடங்கும் இடத்திலேயே, ஒரு சிறு பெட்டியை வைக்க முடியாதா? தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்றால் எல்லோருக்கும் நிறைவாக இருக்கும்.

வேங்கைமரத்தான்

தாராளமாக வைக்கலாம், ஆனால் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர், அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் ஏற்கெனவே வைத்த பெட்டிகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பெட்டிகள் நிறைய வேண்டும், மரங்களும் விசித்திரமாக இருக்க வேண்டும் என்றால், கென்ட் பகுதியில் உள்ள பெட்ஜ்பரி ஊசியிலை மரத் தோட்டத்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். லண்டனின் புகை அங்குள்ள கியூ தாவரவியல் தோட்டத்து ஊசியிலை மரங்களைக் கெடுத்ததால், 1925இல் கியூவும் வனத்துறையும் சேர்ந்து அங்கே தொடங்கிய தோட்டம் அது. உலகின் பல கண்டங்களிலிருந்து கொண்டுவந்த மரங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். 1987 அக்டோபர் பெரும்புயலில் ஏறக்குறைய கால்பங்கு மரங்களை இழந்து, மறுபடி நட்டு வளர்த்திருக்கிறார்கள். கடினமான பாதைகளும் ஆள் நடமாட்டத்தைத் தாங்கும் ஏற்பாடுகளும் அங்கே உண்டு. எங்கே போனாலும் செருப்பு, காலணி அடியில் ஒட்டிய மண்ணைத் துலக்கிவிட்டுப் போங்கள்; 2009இல் இந்நாட்டு லார்ச் மரங்களில் பரவத் தொடங்கிய ஃபைட்டாப்தோரா போன்ற மரநோய்கள் சேற்றோடு பயணம் செய்யக்கூடியவை.

தூக்கணாங்குருவி

நிழல்தேடி அவர்களின் திட்டத்தை முழுமையாக எதிர்க்கவில்லை. பாதை இருக்கிறது, அதில் நடக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நடையின் விவரப் பக்கத்தில் தோப்புக்கென்று ஆயத்தொலைவு எண்களைக் கொடுக்காதீர்கள். குறிப்பாக, மிகப் பழைய மரம் இதுதான் என்று எதையும் சுட்டாதீர்கள். நினைவுக்கல்லின் எண்ணையும் ஈமமேடுகளின் எண்ணையும் தாராளமாகக் கொடுங்கள். தோப்பு வழியில் வரும், கண்ணுள்ளவர் பார்ப்பார். குறிப்பேட்டில் எழுதுகிறவர்கள் மரத்தின் படத்தை இடத்தகவலோடு பதிவேற்றாமல் இருக்கவும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நிழல்தேடி

இரண்டு வரிகளையும் சேர்த்துவிடுகிறேன். காப்பகத்துக்குள் பெட்டி ஏதும் வைக்காவிட்டாலும் நடை அவர்கள் நிலத்தின் வழியாகத்தான் போகிறது என்பதால், திட்டம் முழுவதையும் எழுதிக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு அனுப்பவிருக்கிறேன். வேலிக்கம்பத்து நிலத்துக்காரரிடம் தனியாகக் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகு நாளைக் குறிப்போம். தெற்குச்சரிவு அவர்கள் அதற்குமுன் ஒருநாள் என்னோடு வந்து எண்களைச் சரிபார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

தெற்குச்சரிவு

வருகிறேன். காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் எடுப்போம். மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. இலை நனைந்திருக்கும்போது தோப்புக்குள் கருவி எவ்வளவு பிசகுகிறது என்பதையும் பாதையில் நின்றே அளந்து, இங்கே எழுதிவிடலாம்.